கல்லிலும் செம்பிலும்

தரம் பத்து மாணவர் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு முறை நயினாதீவுக்குப் போயிருந்தேன். குறிகாட்டுவான் துறையில் படகேறினால் இருபது நிமிடத்துக்குள் அக்கரை. நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள பழைய தமிழ்க் கல்வெட்டை அவர்களுக்குக் காட்டுவதே என் நோக்கம். வகுப்பறையில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும் விடயத்தைப் பிள்ளைகள் கண்ணாலே காணட்டும் என்று நினைத்தேன்.

கல்லின் முன்னே நின்ற ஒரு மாணவி கேட்டாள்: “சேர், இதில என்ன எழுதிக் கிடக்கு?”

பராக்கிரமபாகு மன்னனின் கட்டளை என்றேன். கப்பல், வாணிபம் பற்றியது என்றேன்.

“வாசிச்சுக் காட்டுங்கோ சேர்.”

என்னால் முடியவில்லை. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட எழுத்து. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் நான் எழுதிக்கொண்ட குறிப்பிலும் அந்த ஒரு வரிதான் இருந்தது. யாரோ வாசித்து, இன்னொருவர் சுருக்கி, வேறொருவர் எனக்குச் சொல்லித் தந்த வரி. கல்லை நேரே வாசித்தவர் எழுதியதை நான் கண்டதே இல்லை. தீவகத்தில் வரலாறு படிப்பிக்கிற எனக்கு, தீவகத்தின் கல்லைப் பற்றிய ஆய்வு எட்டாத பொருளாக இருந்தது.

திரும்பி வரும்போது படகில் பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். நான் அந்தக் கேள்வியோடு வந்தேன். இக்கட்டுரை அதிலிருந்து பிறந்தது.

கல் சொல்லும் செய்தி

முதலாம் பராக்கிரமபாகு பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்டவன். சிங்கள மன்னன் ஒருவனின் கட்டளை தமிழில் வெட்டப்பட்டிருப்பதே முதலில் கவனிக்கத்தக்கது. துறைமுகத்தின் மொழி எதுவோ அந்த மொழியில் அவன் பேசியிருக்கிறான்.

கட்டளையின் சாரம் இதுதான். பரதேசிகளான வணிகர் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மிகுதி மூன்று பங்கும் உடையவனுக்கு. வாணிபச் சரக்கு ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை.

யானையும் குதிரையும் அரசனுக்குப் படை. ஆகவே அவற்றைக் கொண்டுவருபவனுக்குச் சலுகை கூட. அக்காலத்து இந்துசமுத்திரக் குதிரை வாணிபத்தில் அரபு, பாரசீக முஸ்லிம் வணிகரின் பங்கு பெரிது என்பதை வரலாறு படித்தோர் அறிவர். அப்படியானால், எங்கள் கடலில் கப்பல் உடைந்து, ஊர்காவற்றுறைக் கரையில் ஈர உடுப்போடு நின்று, தன் சரக்கில் எவ்வளவு தனக்கு மிஞ்சும் என்று கேட்டவர்களில் நம்மவரும் இருந்திருக்கக்கூடும். இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றைத் தேடும் எவரும் கடந்துபோக முடியாத கல் இது.

இக்கல்வெட்டை வாசித்து விளக்கிய ஆய்வுக் கட்டுரை 1963இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில ஆய்வுச் சஞ்சிகையில் வெளிவந்தது. எழுதியவர், பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த கா. இந்திரபாலா.

அதைத் தேடத் தொடங்கினேன். எங்கள் பாடசாலை நூலகத்தில் இல்லை. இருக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. கையடக்கத் தொலைபேசியில் தேடினேன். அந்தக் காலத்து வாணிபம் பற்றிய வேறு பல கட்டுரைகளின் தலைப்புகள் வந்தன. திறந்தால் கதவு பூட்டியிருக்கும். ஒரு கட்டுரைக்கு முப்பது டொலருக்கு மேலே கேட்கும். கிராமத்து ஆசிரியனின் சம்பளத்தில் ஆய்வுக் கட்டுரையை மீனைப் போலக் கூறுகட்டி வாங்க ஏலாது. நான்காம் நாள் இரவு, நான் தேடிய கட்டுரையே கிடைத்தது. பேராதனைப் பல்கலைக்கழகம் அச்சஞ்சிகையின் பழைய இதழ்களை மின்வடிவாக்கி, யாரும் காசின்றி வாசிக்க இணையத்தில் இட்டிருந்தது. அறுபது ஆண்டு பழைய அச்சு. ஓரங்களில் மஞ்சள் படிந்த தாள்களின் படம். கல்வெட்டின் வாசகம், மொழிபெயர்ப்பு, விளக்கம் எல்லாம் இருந்தன.

அடுத்த வாரம் அந்த மாணவிக்கு வரி வரியாக வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, “அப்ப உடைஞ்ச கப்பலில வந்த ஆக்களுக்கு என்ன நடந்தது சேர்?” என்றாள். அதற்குக் கல்லில் பதில் இல்லை. நல்ல கேள்வி என்று சொன்னேன்.

வாசிக்காதவன் பதில் சொல்ல முடியாது

ஒரு கல்வெட்டுக் கட்டுரைக்கு இவ்வளவு ஆரவாரமா என்று வாசகர் கேட்கலாம். நம் சமூகத்துக்கு நேர்ந்த ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன்.

1888இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன், அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் ‘இலங்கைச் சோனகரின் இனவியல்’ பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால் மட்டும் வேறுபட்டவர் என்பது அதன் சாரம். சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டுமா என்ற வாதம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அடுத்த ஆண்டே, 1889இல், எம்.சி. அப்துல் ரஹ்மான் முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமனம் பெற்றார். ஆனால் கட்டுரை போகவில்லை. அது கழகத்தின் சஞ்சிகையில் அச்சாகி நூலகங்களில் நிலைத்துவிட்டது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு விரிவான மறுப்பை நூலாக வெளியிட்டது 1907இல். இடையிலே பத்தொன்பது ஆண்டுகள். அம்மறுப்பும் காலப்போக்கில் கிடைத்தற்கரியதாகி, அரை நூற்றாண்டு கழித்து 1957இல் சோனகர் இஸ்லாமிய கலாசார நிலையம் அதை மறுபதிப்புச் செய்தது.

இருவரில் யார் சரி என்று தீர்ப்பது இங்கே என் வேலை அல்ல. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆய்வு என்ற பெயரில் நம்மைப் பற்றி எழுதப்பட்டது எங்கோ ஓர் அலுமாரியில் இருக்கிறது. அதை வைத்து நமக்குரிய இடம் எது என்று பேசுகிறார்கள். எழுதியதை வாசிக்க வழியில்லாதவன் அதை மறுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது. மறுப்பு ஒன்று எழுதப்பட்டாலும், அதன் பிரதி இல்லாமற் போனால் மறுபடியும் முதல் வாதமே தனித்து நிற்கும்.

இந்திரபாலாவின் விடயத்திலும் இதைக் காணலாம். 1965இல் இலண்டனில் அவர் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்வேடு இலங்கைத் தமிழர் குடியேற்றங்களின் தொடக்கம் பற்றியது. அது நூலாக வெளிவராமலே பலராலும் மேற்கோள் காட்டப்பட்டது. நாற்பது ஆண்டுகளின் பின், 2005இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில், அந்த ஆய்வேடு காலங்கடந்ததாகிவிட்டது என்று அவரே எழுதினார்; தம் பழைய முடிவுகள் பலவற்றை மாற்றிக்கொண்டார். அடுத்த ஆண்டு அந்நூலின் தமிழ் வடிவமும் வந்தது. பழைய முடிவு வாய்வழியே ஊரெங்கும் பரவி, திருத்தம் மட்டும் விலையுயர்ந்த நூலில் அடங்கிக் கிடந்தால் என்ன ஆகும்? பட்டிமன்றத்தில் பழைய முடிவே பேசும். ஆய்வு திறந்திருக்க வேண்டும் என்பதில் அதன் திருத்தமும் திறந்திருக்க வேண்டும் என்பதும் அடங்கும்.

எரிந்ததும் எஞ்சியதும்

யாழ்ப்பாணத்தில் நூலகம் என்று சொன்னாலே ஒரு திகதி கூடவே வரும். 1933இல் க.மு. செல்லப்பா தம் வீட்டிலே தொடங்கிய சிறு வாசிப்பு முயற்சி, அடுத்த ஆண்டு 844 நூல்களோடு வாடகை அறைக்கு வந்து, 1959இல் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த அழகிய கட்டடத்தில் குடியேறியது. 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி அதற்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அதே நாட்களில் ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிக்கப்பட்டன. 2000களின் முற்பகுதியில் நூலகம் மீண்டும் வாசகருக்குத் திறந்தது. கட்டடம் திரும்பியது, நூல்களிலும் பல வாங்கப்பட்டன, அன்பளிப்பாக வந்தன. ஒரே பிரதியாக இருந்தவை திரும்பவில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அன்று யாழ்ப்பாண வைபவமாலையே அழிந்துவிட்டது என்று பலர் எழுதுவதுண்டு. மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் எழுதிய அந்நூல் அழியவில்லை. ஏட்டுப் பிரதி போயிருக்கலாம். ஆனால் நூல் முன்னரே அச்சேறியிருந்தது. 1879இலேயே பிரிற்றோ அதை ஆங்கிலத்திலும் வெளியிட்டிருந்தார். பிரதிகள் உலகெங்கும் சிதறியிருந்தன. ஆகவே தீ அதன் ஒரு பிரதியைத்தான் தின்றது. எதன் பிரதி ஓரிடத்தில் மட்டும் இருந்ததோ அதன் பெயரைக்கூட இன்று நாம் சொல்ல முடியாது.

எனக்கு இதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளத் தேவையிருக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் அது ஒக்டோபர் 30. இரண்டு மணித்தியால அவகாசம். எனக்கு அப்போது பத்து வயது. சோனகத் தெரு வீட்டில் வாப்பாவிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பழைய சஞ்சிகைகள், கடிதங்கள், அவற்றோடு வாப்பா தம் கையால் எழுதிவந்த இரண்டு கொப்பிகள். யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பங்கள் எந்தத் தெருவில் எப்போது வந்து குடியேறினார்கள், என்ன தொழில் செய்தார்கள், எந்தப் பள்ளிவாசலுக்கு யார் காணி கொடுத்தார்கள் என்று முதியவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியவை. வாப்பா பட்டம் பெற்ற ஆய்வாளர் அல்லர். கடை வைத்திருந்தவர். ஆனால் அது ஆய்வுதான்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை. உம்மா தங்கையைத் தூக்கியிருந்தார். வாப்பா பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு வந்தார். புத்தளத்து முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்தபோதும் அவர் அதைப் பற்றிப் புலம்பியதில்லை. ஒரே ஒரு முறை, “இன்னொரு கொப்பியில எழுதி ஆருக்காவது குடுத்திருக்கலாம்” என்றார். யுத்தம் முடிந்து திரும்பிவந்து பார்த்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, கட்டிலும் இல்லை.

ஆனால் ஒன்று கிடைத்தது. எழுபதுகளில் வெளிவந்த ஒரு சிறப்பு மலரில் வாப்பா எழுதிய நான்கு பக்கக் கட்டுரை. அம்மலரின் ஒரு பிரதி கிழக்கிலே ஓர் ஆசிரியர் வீட்டு அலுமாரியில் தப்பியிருந்தது. அவர் அதைப் பிரதிபண்ணி எனக்கு அனுப்பினார். வாப்பா அப்போது மௌத்தாகிவிட்டார். இரண்டு கொப்பிகளில் இருந்தவற்றில் நான்கு பக்கம் மட்டும் உலகத்தில் எஞ்சியிருக்கிறது. நூறோ இருநூறோ பிரதி அச்சாகி ஊரூராகப் போனதால் எஞ்சியது.

கதவைத் திறந்தவர்கள்

அழிவைக் கண்டவர்கள்தான் சேமிப்பிலும் முன்னின்றார்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுதும் சேர்த்த தமிழ் அச்சு நூல்களும் இதழ்களும், 1992இல் அவர் மறைந்த பின்பு சிக்காகோ பல்கலைக்கழகத்தின் உதவியோடு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. 1998 தைப்பொங்கலன்று, சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முதலானோர் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினர். பல நாட்டுத் தமிழர் தத்தம் வீட்டில் இருந்து தட்டச்சுச் செய்து பழந்தமிழ் நூல்களை இலவசமாக இணையத்தில் இட்டார்கள். 2005இல் ஈழத்து இளைஞர்கள் தொடங்கிய நூலகம் திட்டம் பின்பு நூலக நிறுவனமாக வளர்ந்தது. இன்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்களை அது எவரும் வாசிக்க வைத்திருக்கிறது. முஸ்லிம் ஆவணகம் என்று அதிலே தனிப் பகுதியும் உண்டு.

உலக அளவிலும் இதே காலத்தில் ஒரு இயக்கம் எழுந்தது. 2001 டிசம்பரில் புடாபெஸ்ட் நகரில் கூடிய அறிஞர்கள், ஆய்வுக் கட்டுரைகளை யாரும் கட்டணமின்றி இணையத்தில் வாசிக்கவும் பிரதிபண்ணவும் பகிரவும் இடமிருக்க வேண்டும் என்று 2002இல் பிரகடனம் செய்தனர். 2003இல் பேர்லின் பிரகடனம் தொடர்ந்தது. திறந்த அணுக்கம் என்று இதனைச் சொல்வர். இலங்கைப் பல்கலைக்கழகங்களும் மின்களஞ்சியங்களை அமைத்தன. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் வெளியாகும் கட்டுரைகளை இன்று எங்கள் தீவில் இருந்தே நான் வாசிக்கிறேன். என் கலாசாலைக் காலத்தில் நினைத்தும் பார்க்காத வசதி.

திறந்த கதவு நிலைத்த கதவு அல்ல

இந்த இடத்தில் மகிழ்ந்து நின்றுவிடலாம். ஆனால் வாப்பாவின் பெட்டி என்னை நிற்க விடுவதில்லை.

இணையத்தில் இருப்பது எங்கேயோ ஒரு கணினியில் இருக்கிறது. அந்தக் கணினிக்கு வாடகை கட்ட ஒருவர் வேண்டும், மின்சாரம் வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும். பின்லாந்திலும் ஜேர்மனியிலும் உள்ள ஆய்வாளர் மூவர் 2021இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைக் கணக்கிட்டது. 2000 முதல் 2019 வரை, திறந்த அணுக்கத்தில் வெளிவந்த 174 ஆய்வுச் சஞ்சிகைகள் இணையத்திலிருந்தே மறைந்துவிட்டதை அவர்கள் கண்டனர். எவரும் தீ வைக்கவில்லை. நடத்தியவர் ஓய்வுபெற்றார், நிதி முடிந்தது, இணைய முகவரி புதுப்பிக்கப்படவில்லை, அவ்வளவுதான். பிறிதோரிடத்தில் பிரதி வைக்கப்படாததால் அவை போயின.

சிறிய சஞ்சிகைகளுக்குத்தான் இந்தக் கதி என்றும் எண்ண வேண்டாம். 2023 ஒக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணினிகளைக் கப்பம் கேட்போர் தாக்கினர். உலகின் அருகிவரும் சுவடிகளை மின்படமாக்கும் அதன் பெருந்திட்டத்தில் யாழ்ப்பாணத்து ஆவணங்களும் அடங்கும். அப்படங்கள் பல மாதங்கள் எவருக்கும் எட்டவில்லை. 2024 ஒக்டோபரில் அமெரிக்காவின் இணைய ஆவணகமும் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாட்கள் முடங்கியது. இரண்டும் அழியவில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் உலகத்திலேயே பெரிய பெட்டியும் ஒரு பெட்டிதான்.

2022ஐ நாம் மறந்திருக்க மாட்டோம். நாட்டில் டொலர் இல்லை. நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேலேயும் மின்வெட்டு வந்தது. கடதாசி இல்லாமல் மேல்மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. தேசிய மின்தொடரோடு இணையாமல் டீசல் இயந்திரத்தை நம்பியிருந்த தீவுகளின் நிலையைச் சொல்லவே வேண்டாம். மின்வடிவம் மட்டும் போதும் என்றவர்களும் தாள் மட்டும் போதும் என்றவர்களும் அந்த ஆண்டு ஒருங்கே தோற்றனர்.

முன்னோர் செய்த முறை

இதற்கு வழி புதிதல்ல. யமாமா யுத்தத்தில் குர்ஆனை மனனம் செய்திருந்த ஸஹாபாக்கள் பலர் ஷஹீதானபோது உமர் (ரழி) அவர்களுக்கு வந்த கவலை நாம் அறிந்ததே. மனனத்தில் இருந்தது எழுத்திலும் வர வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்த, அபூபக்கர் (ரழி) அவர்கள் ஸைத் இப்னு தாபித் (ரழி) அவர்களிடம் அப்பணியை ஒப்படைத்தார்கள். பின்னர் உஸ்மான் (ரழி) அவர்கள் பிரதிகள் எடுப்பித்து, மதீனாவில் ஒன்றை வைத்துக்கொண்டு, கூபா, பஸரா, ஷாம் முதலிய இடங்களுக்கு அனுப்பினார்கள். ஓதிக்கொடுக்க ஆட்களும் கூடப் போனார்கள் என்பர். இறைவேதத்தோடு மனிதரின் ஆய்வை ஒப்பிடுவதாக யாரும் கொள்ள வேண்டாம். பாதுகாப்பின் முறையை மட்டுமே சொல்கிறேன். நெஞ்சிலும் ஏட்டிலும்; ஓர் ஊரில் அல்ல, பல ஊர்களில்; பிரதியோடு அதை வாசிக்கத் தெரிந்த மனிதரும்.

1999இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக நூலகத்தார் மின்சஞ்சிகைகளைக் காக்க ஒரு திட்டம் தொடங்கினர். நிறையப் பிரதிகள் இருந்தால் பொருள் தப்பும் என்பதே அதன் பெயரின் பொருள். பல நூலகங்கள் ஒரே சஞ்சிகையின் பிரதியைத் தத்தம் கணினியில் வைத்திருந்து, ஒன்றின் பிரதி பழுதானால் மற்றவற்றைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். கேட்டபோது எனக்கு மதரஸாவில் பிழையாக ஓதிய பிள்ளையை மற்றப் பிள்ளைகள் திருத்துவது ஞாபகம் வந்தது.

நயினாதீவுக் கல்லுக்கே திரும்புவோம். அந்தக் கட்டளை சந்திர சூரியர் உள்ளவரை நிலைக்க வேண்டும் என்று, கல்லிலும் செம்பிலும் எழுதுவிக்கப்பட்டதாகக் கல்வெட்டே சொல்கிறது. இரண்டு பிரதி, இரண்டு வகைப் பொருள். செப்பேடு இன்று நம் கையில் இல்லை. செம்பை உருக்கலாம், விற்கலாம். கல் நின்றது. கல்லின் எழுத்தும் தேய்கிறது. ஆனால் அதற்குள் ஒருவர் அதை வாசித்து அச்சிட்டுவிட்டார். அச்சிட்டது பேராதனை அலுமாரியில் இருந்தது. பின்பு ஒருவர் அதைப் படமெடுத்து எல்லாருக்கும் திறந்துவிட்டார். ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் இன்னொரு பிரதி எடுத்ததால்தான் அந்த மாணவியின் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது.

நாம் செய்யக்கூடியது

நம் சமூகத்தின் ஆய்வுகள் இன்று எங்கே இருக்கின்றன? ம.மு. உவைஸ் தமிழிலக்கியத்துக்கு முஸ்லிம்கள் செய்த தொண்டு பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய முதுமாணி ஆய்வேடு 1953இல் நூலாக வந்தது. வந்ததால்தான் அதன்மேல் நின்று அவரும் பிறரும் இஸ்லாமியத் தமிழிலக்கிய வரலாற்றைக் கட்டியெழுப்ப முடிந்தது. அவருக்குப் பின் நம் பிள்ளைகள் எழுதிய ஆய்வேடுகள் எத்தனை? பெரும்பாலானவை எழுதியவர் வீட்டில் ஒன்றும் பல்கலைக்கழக அலுமாரியில் ஒன்றுமாக இருக்கின்றன. பள்ளிவாசல் நூற்றாண்டு மலர்கள், பாடசாலை மலர்கள், அறபுத் தமிழ்க் கையெழுத்துகள், மீலாத் விழாச் சிறப்பிதழ்களில் வந்த ஊர் வரலாறுகள் ஆகியவற்றுக்கு அதுவும் இல்லை.

ஆகவே மூன்று வேண்டுகோள். முதலாவது, மலர் ஒன்று அச்சிட்டால் ஐந்து பிரதியை விற்பனைக்கு வைக்காதீர்கள். அச்சிட்ட நூலின் பிரதியைத் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குக் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் 1885 முதல் இருக்கிறது, அதை நிறைவேற்றுங்கள். மிகுதியை ஒரு பல்கலைக்கழகத்துக்கும், மின்வடிவாக்குவோருக்கும், வேறு மாகாணத்தில் உள்ள ஒரு நூலகத்துக்கும், கடல் கடந்து வாழும் ஓர் உறவினருக்கும் அனுப்புங்கள். எல்லாவற்றையும் ஒரே ஊரில் வைக்க வேண்டாம். ஊரே எழும்பிப் போக நேரும் என்பதை நாம் கண்டவர்கள்.

இரண்டாவது, அனுமதி. 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து எழுபது ஆண்டு வரை உரிமை அவருடைய வாரிசுகளுக்குரியது. வாரிசு யாரென்று தெரியாமல் மின்வடிவாக்க முடியாது கிடக்கும் நூல்கள் பல. உயிரோடு இருக்கும்போதே, யாரும் வாசிக்கலாம், பிரதிபண்ணலாம் என்று ஒரு துண்டில் எழுதிக் கையொப்பமிட்டு வையுங்கள். மறைந்தவர்களின் பிள்ளைகள் அதைச் செய்யுங்கள். வாப்பாவின் நான்கு பக்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது, இலவசமாக வாசிக்கும் நாம், அதை நடத்துவோருக்கு எதுவும் கொடுப்பதில்லை. நூலக நிறுவனம் போன்றவை பெரும்பாலும் நன்கொடையாலும் தன்னார்வலராலும் ஓடுகின்றன. ஒரு கிணறு தோண்டினால் அது ஸதகத்துல் ஜாரியா என்கிறோம். பயன்தரும் அறிவும் மௌத்துக்குப் பின் தொடரும் நன்மை என்பது ஹதீஸில் வந்ததுதானே. கிணற்றைத் தூர்ந்துபோகாமல் வைத்திருப்பதும் அதே நன்மைதான்.

எங்கள் பாடசாலையில் இப்போது ஒரு கோவை வைத்திருக்கிறோம். தீவகத்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் திறந்து கிடைப்பவற்றை அச்செடுத்துத் துளையிட்டுக் கட்டியது. நயினாதீவுக் கல்வெட்டுத்தான் முதலாவது. இதன் இன்னொரு கோவை வேறொரு தீவுப் பாடசாலையில் இருக்கிறது. மின்பிரதி நாலு ஆசிரியர் கையில் இருக்கிறது. கடைசிப் பக்கங்களில் மாணவர் தம் ஊர் முதியவர்களிடம் கேட்டு எழுதியவற்றைச் சேர்க்கிறோம். ஒவ்வொன்றையும் இரண்டு கொப்பியில் எழுத வேண்டும் என்பது என் நிபந்தனை. “ஏன் சேர் இரண்டு தரம்?” என்று சலித்துக்கொள்வார்கள்.

வாப்பாவின் பெட்டிக் கதையை அப்போது சொல்வேன். பிறகு எழுதுவார்கள்.